இன்றிரவே போக வேண்டுமா, காலையில் போனால் போதுமா?

டியூஷன் டீச்சர் | வியாழன், இரவு 8.50

வீட்டு மாடியில் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அதில் ஒரு பெண், 15 வயது. இன்றைக்கு எல்லாரும் போன பிறகும் பையை மாட்டிக்கொண்டு படிக்கட்டிலேயே நின்றாள். முதலில் 'ஒண்ணுமில்ல மிஸ்' என்றாள். அப்புறம் சொன்னாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாலியல் வன்முறை நடந்திருக்கிறது. தெரிந்த ஆள்தான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, இங்கே எழுதப் போவதும் இல்லை.

அவள் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினேன். ரொம்ப நேரம் அழுதார். பிறகு, 'வெளிய தெரிஞ்சா நாங்க இந்தத் தெருவுல இருக்க முடியாது டீச்சர், ஊர்ல ஆயா வீட்ல கொண்டு போய் விட்டுடறேன்' என்கிறார். பெண்ணுக்குக் காயம் எதுவும் தெரியவில்லை. நடக்கிறாள், சாப்பிடுகிறாள். ஆஸ்பத்திரிக்கு இன்றிரவே போக வேண்டுமா, காலையில் போனால் போதுமா? முதலில் போலீஸா, டாக்டரா? இருவரும் இன்னும் என் வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நெறியாளர் | 8.57

டீச்சர், உங்கள் பதிவில் தெருவும் பள்ளியும் இருந்தன. எடுத்துவிட்டேன். பாதிக்கப்பட்ட பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது சட்டப்படி குற்றம். மற்றவர்களும் 'எங்க ஏரியாவா?' என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

நைட் டூட்டி | 9.03

இன்றிரவே. இதை அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு மீதியைப் படியுங்கள்.

நான் 19 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். கணக்கைப் பாருங்கள். செவ்வாய் சாயங்காலத்திலிருந்து இப்போது ஏறக்குறைய 50 மணி நேரம் ஓடிவிட்டது. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும். 72 என்பது கடைசிக் கெடு. அதுவரை பொறுக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், தள்ளத் தள்ளப் பலன் குறையும். காலையில் போனால் ஓ.பி. சீட்டு, வரிசை, 'அந்த ரூமுக்குப் போங்க' என்று மதியம் ஆகிவிடும். கரு தங்காமல் தடுக்கும் மாத்திரையும் அப்படித்தான். ஐந்து நாள் வரை கொடுக்கலாம் என்றாலும் முதல் மூன்று நாளில் போட்டால்தான் நல்ல பலன்.

காயம் தெரியவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நான் பார்த்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் வெளியே ஒரு கீறல்கூட இல்லாதவர்கள். சாப்பிடுகிறாள், நடக்கிறாள் என்பதும் அப்படித்தான். ஒரு பெண் காஷுவாலிட்டி பெஞ்சில் உட்கார்ந்து போனில் கேம் விளையாடிக்கொண்டிருந்தாள். 'இது பொய் சொல்லுதுபோல' என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். அந்த வயதில் பயம் அப்படித்தான் வெளியே வரும்.

சென்னை அரசு ஆஸ்பத்திரிகளில் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், எழும்பூர் மகப்பேறு, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். என்று எது பக்கமோ அங்கே போங்கள். நேராகக் காஷுவாலிட்டி. ஓ.பி. வரிசையில் நிற்காதீர்கள். அன்று போட்டிருந்த துணியைத் துவைக்கவில்லை என்றால் காகிதப் பையில் வைத்து எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் கட்டிக்கொண்டு வீணாகிவிடும். துவைத்துவிட்டார்கள், குளித்துவிட்டாள் என்றாலும் பரவாயில்லை. 96 மணி நேரம் வரை தடய மாதிரி எடுக்கலாம். அது தாண்டினாலும் சிகிச்சை நிற்காது. தடுப்பூசி அட்டை இருந்தால் எடுங்கள், ஹெபடைடிஸ் பி ஊசி போட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். மாற்றுத்துணி, நாப்கின், தண்ணீர், ஒரு பன். வெறும் வயிற்றில் அத்தனை மாத்திரையும் போட்டால் வாந்தி எடுத்துவிடுவாள்.

இன்னொன்று. வழியில் அவளிடம் மறுபடி எதையும் கேட்காதீர்கள். அங்கே சொல்ல வேண்டியதே நிறைய இருக்கிறது.

வண்ணை வக்கீல் | 9.15

போலீஸா டாக்டரா என்று கேட்டீர்கள். டாக்டர். எஃப்.ஐ.ஆர். போட்டிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) 27ஆம் பிரிவே அதைச் சொல்கிறது. போலீஸ் மெமோ வாங்கிவா என்று எந்த டாக்டரும் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2020 போக்சோ விதிகளில் தெளிவாக இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரி, தனியார் என்ற பேதமும் கிடையாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 397ஆம் பிரிவுப்படி (பழைய சட்டத்தில் 357சி) உடனே, இலவசமாகப் பார்க்க வேண்டும். மறுத்தால் ஓராண்டு வரை சிறை. கவுன்ட்டரில் தகராறு வந்தால் இந்த எண்ணைச் சொல்லுங்கள், குரலை உயர்த்த வேண்டாம்.

அதே சமயம் அந்த அம்மாவிடம் ஒன்றை மறைக்காதீர்கள். ஆஸ்பத்திரி போலீஸுக்குத் தகவல் சொல்லியே தீரும். உங்களுக்கும் அந்தக் கடமை இருக்கிறது டீச்சர். விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் போக்சோ 19ஆம் பிரிவு. குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்தால் அதற்கு உதவுவார்கள். 'யாருக்கும் தெரியாது' என்று வாக்குக் கொடுத்துக் கூட்டிப் போய்விட்டு அங்கே காக்கிச் சட்டையைப் பார்த்தால் அந்தப் பெண் உங்களை இனி நம்பமாட்டாள்.

கடல் காத்து | 9.21

எல்லாரும் சட்டம் பேசுகிறீர்கள். நாளைக்கு அந்தக் குடும்பம் அதே லைன் வீட்டில், அதே தண்ணீர்க் குழாயில் நிற்க வேண்டும். பெண் பிள்ளை வாழ்க்கை. அம்மா சொல்வதில் என்ன தப்பு? ஊருக்கு அனுப்பிவிட்டு மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

நைட் டூட்டி | 9.24

மெதுவாகப் பார்த்துக்கொண்டவர்களை நான் நாலு மாதம் கழித்து ஸ்கேன் அறை வாசலில் பார்த்திருக்கிறேன் சார். அப்போதும் மாத்திரை கேட்டார்கள். அந்தக் கட்டத்துக்கு மாத்திரை கிடையாது.

மூணு சக்கரம் | 9.26

டீச்சர், ஷேர் ஆட்டோவில் ஏறாதீர்கள், தெரிந்த முகம் இருக்கும். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் என்றால் தனி மெசேஜில் சொல்லுங்கள், நான் வருகிறேன். என் சம்சாரமும் கூட வருவார். காசு பேச்சே வேண்டாம்.

டியூஷன் டீச்சர் | 9.31

கிளம்புகிறோம். அவளிடமே கேட்டேன். 'அம்மா திட்டாம இருந்தா வரேன்' என்றாள்.

டியூஷன் டீச்சர் | வெள்ளி, விடியற்காலை 4.10

இப்போதுதான் வந்தோம். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை, நல்லதும் கெட்டதும் கலந்து நடந்தது.

முதலில் கெட்டது. சீட்டு எழுதுகிறவர் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி 'என்ன கேஸும்மா?' என்று கேட்டார். நான் குனிந்து மெதுவாகச் சொன்னேன். அவர் அதை இன்னும் சத்தமாகத் திருப்பிச் சொன்னார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். பெண் என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் உட்கார வைத்த இடம் பிரசவத்துக்கு வந்தவர்கள் வரிசை. 'உனக்கு எத்தனாவது மாசம்?' என்று பக்கத்தில் ஒரு பாட்டி சாதாரணமாகக் கேட்டார். அவர்மேல் தப்பில்லை. 15 வயதுப் பிள்ளையை அங்கே உட்கார வைத்ததுதான் தப்பு. சின்னக் குழந்தைக்கு ஓர் இடம் இருக்கிறது, பெரியவளுக்கு ஓர் இடம் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் இருக்கிறவளுக்கு ஒன்றும் இல்லை.

நல்லது, வந்த டாக்டர். சின்ன வயதுப் பெண். அம்மாவிடம் பேசும் முன் இவளிடம் பேசினார். என்னென்ன பார்க்கப் போகிறேன், எதற்காக, எது வேண்டாம் என்றாலும் சொல்லலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இவள் ரத்தம் எடுக்கச் சரி என்றாள், மாத்திரைக்குச் சரி என்றாள், ஒரு பரிசோதனைக்கு மட்டும் வேண்டாம் என்றாள். டாக்டர் 'சரிம்மா' என்று அதை அப்படியே எழுதி, இவளிடமும் அம்மாவிடமும் கையெழுத்து வாங்கினார். அதற்காக மருந்தை நிறுத்தவில்லை. முதல் மாத்திரையை 11.40க்குப் போட்டாள்.

ஏ.ஆர். என்ட்ரி (ஆஸ்பத்திரியின் போலீஸ் கேஸ் பதிவேட்டில் குறிப்பு) போட்டார்கள். மகளிர் ஸ்டேஷனிலிருந்து ஒரு எஸ்.ஐ. சுடிதாரில் வந்தார். அம்மாவின் கை நடுங்கியது, ஆனால் பேசினார். எஸ்.ஐ. 'ராத்திரி ஸ்டேஷனுக்கெல்லாம் வர வேண்டாம், நாளைக்கு நான் எங்க வரணும்னு சொல்லுங்க, அங்க வரேன்' என்றார். என் வீட்டு மாடி என்று முடிவாயிற்று.

வண்ணை வக்கீல் | வெள்ளி, காலை 7.30

அந்த டாக்டர் செய்ததுதான் முறை. மத்திய சுகாதாரத் துறையின் 2014 வழிகாட்டி நெறிமுறைப்படி 12 வயது தாண்டிய பிள்ளையின் சம்மதத்தைக் கேட்க வேண்டும், எந்தப் பகுதியையும் மறுக்கலாம், மறுத்தாலும் சிகிச்சை உண்டு. உடலுறவுப் பழக்கம் உண்டா என்று பார்ப்பதாகச் சொல்லி, இரண்டு விரல் பரிசோதனை என்று ஒன்று இருந்தது. அந்த நெறிமுறையே அதைக் கூடாது என்றது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டில் அதைத் தடை செய்யச் சொன்னது, அக்டோபரில் உச்ச நீதிமன்றம் யார் செய்தாலும் அது ஒழுங்கீனம் என்றது. இன்னும் யாராவது அதைச் செய்தால் எழுத்தில் புகார் கொடுங்கள்.

எஸ்.ஐ. சீருடையில் வராததும் இரவில் ஸ்டேஷனில் வைக்காததும் அவர் நல்லவர் என்பதால் மட்டும் இல்லை, போக்சோ 24ஆம் பிரிவு அப்படி. நல்லவராகவும் இருக்கலாம். எஃப்.ஐ.ஆர். நகலைக் காசு கொடுக்காமல் கேட்டு வாங்குங்கள்.

மாத்திரைக் கடை | வெள்ளி, காலை 9.10

26 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. அந்தக் கருத்தடை அவசர மாத்திரை சென்னைக் கடைகளில் சுலபமாகக் கிடைக்காது. மற்ற மாநிலங்களில் சீட்டே இல்லாமல் விற்பார்கள். இங்கே எழுத்துபூர்வமான தடை எதுவும் நான் பார்த்ததில்லை, ஆனால் ஸ்டாக் வைக்கவே பயம். 'கடையில வாங்கிப் போட்டுக்கலாம், ஆஸ்பத்திரி எதுக்கு' என்று நினைக்கிறவர்கள் நாலு கடை ஏறி இறங்கி இரண்டு நாளை வீணாக்குகிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கிறார்கள், அங்கேயே போங்கள்.

28 நாள் போட வேண்டிய எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையைப் பற்றியும் சொல்கிறேன். முதல் வாரம் குமட்டல், தலைவலி வரும். அதில்தான் நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுப் படுத்துவிட்டால் ஓரளவு சமாளிக்கலாம். பாட்டில் லேபிளைக் கிழித்துவிட்டுச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைக்கச் சொல்லுங்கள், வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் படாது.

நைட் டூட்டி | வெள்ளி, காலை 9.40

லேபிள் பற்றி அண்ணன் சொன்னது சரி, ஆனால் மாத்திரையின் பெயரை வேறு எங்காவது எழுதி வையுங்கள். ரத்தம் ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம் பார்ப்பார்கள். நம்பிக்கை மையத்தில் (அரசு எச்.ஐ.வி. பரிசோதனை மையம்) இலவசம். மாதவிடாய் ஒரு வாரம் தள்ளினால் உடனே சிறுநீர்ப் பரிசோதனை. இந்தத் தேதிகளை அந்த அம்மா நினைவில் வைக்கமாட்டார், அவர் நிலைமை அப்படி. உங்கள் வீட்டு நாட்காட்டியில் வெறும் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள் டீச்சர்.

காசிமேட்டு அம்மா | வெள்ளி, மதியம் 1.20

எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்தேன். என்னுடையது பையன். அப்போது அவனுக்கு 13.

தெரிந்ததும் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். 'இது போலீஸ் கேஸ், நாங்க தொடமாட்டோம், ஜி.எச். போங்க' என்றார்கள். அங்கே இருந்த ஒரு பெரியவர் 'ஆம்பளப் புள்ளதானேம்மா, என்ன ஆகிடப் போகுது' என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அந்த வார்த்தை என் பையன் காதில் விழுந்தது. அதற்கப்புறம் எட்டு மாதம் அவன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. போக்சோ சட்டம் பையனுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான் என்று எனக்கு அப்போது தெரியாது. அவனுக்கும் தெரியாது.

அவன் அழவில்லை. அதனால் நான் ஏமாந்துவிட்டேன். கிரவுண்டுக்குப் போவதை நிறுத்தினான். ராத்திரியில் லைட்டை அணைக்க விடமாட்டான். தம்பியை அடித்தான், அதுவரை கை ஓங்கியதே இல்லை. பள்ளியில் 'அடங்காதவன்' என்று பெயர் வாங்கினான். நானும் இரண்டு தடவை அடித்திருக்கிறேன், அதைத்தான் மறக்க முடியவில்லை. கடைசியில் 1098க்குப் போன் செய்து அவர்கள் வழியாக ஒரு கவுன்சிலர் கிடைத்தார். முதல் மூன்று வாரம் இரண்டு பேரும் கேரம் விளையாடினார்கள். எனக்குக் கோபம், இதற்கா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறோம் என்று. நாலாவது வாரம் வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே, 'அது என் தப்பு இல்லன்னு அந்த அண்ணன் சொன்னாரு, உண்மையாம்மா?' என்றான்.

டீச்சர், அந்தப் பெண் உங்களிடம் சொன்னவுடனே நீங்கள் நம்பிவிட்டீர்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

பழைய களப்பணி | வெள்ளி, மாலை 5.45

வடசென்னையில் சில வருடம் வளரிளம் பெண்களிடம் வேலை செய்தவள். வக்கீல் ஐயா சொன்னதில் ஒன்றோடு மட்டும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கட்டாயம் தகவல் சொல்ல வேண்டும் என்ற 19ஆம் பிரிவு இந்த மாதிரி வன்முறை வழக்கில் சரி. ஆனால் 17 வயதில் காதலித்துக் கருவுற்ற பெண் என்ன செய்வாள்? ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் பையன் ஜெயிலுக்குப் போவான் என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். அவள் போவதில்லை. யாரோ கொடுத்த மாத்திரையைப் போட்டு ரத்தம் நிற்காமல் வந்து சேருகிறாள். சட்டம் காப்பாற்ற நினைத்தவளையே அது துரத்தியும் விடுகிறது. இதைச் சொன்னால் குற்றவாளிக்குப் பரிந்து பேசுகிறேன் என்கிறார்கள்.

வண்ணை வக்கீல் | வெள்ளி, இரவு 8.20

சண்டை போட வரவில்லை, பாதி ஒத்துக்கொள்கிறேன். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு சின்னக் கதவு திறந்தது. இசைந்த உறவில் கருவுற்ற சிறுமி கருக்கலைப்புக்கு வந்தால், அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீஸுக்குத் தகவல் தரும்போது டாக்டர் அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் 24 வாரம் வரை கலைக்கலாம். 20 வாரம் தாண்டினால் இரண்டு டாக்டர்கள் ஒப்ப வேண்டும், 18 வயது ஆகாதவருக்குப் பாதுகாவலர் கையெழுத்து வேண்டும். ஆனால் இந்தத் தீர்ப்பைக் கேள்விப்படாத டாக்டர்களை நானே பார்த்திருக்கிறேன். அதனால் உங்கள் கோபம் நியாயம்தான்.

டீச்சருக்கு: குழந்தைகள் நலக் குழுவிடம் சப்போர்ட் பர்சன் கேளுங்கள். விசாரணை, ஆஸ்பத்திரி, கோர்ட் எல்லாவற்றுக்கும் கூட வரும் ஆள். 2023இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியிருக்கிறது. போக்குவரத்து, சாப்பாடு, துணிச் செலவுக்கு உடனடித் தொகையை அந்தக் குழு பரிந்துரைக்கலாம், ஒரு வாரத்தில் தர வேண்டும். நஷ்டஈட்டுக்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, எஃப்.ஐ.ஆர். ஆன பிறகு எந்தக் கட்டத்திலும் இடைக்காலத் தொகை கேட்கலாம். 15100க்குப் போன் செய்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். கேட்டால்தான் கிடைக்கும், யாரும் வீடு தேடி வந்து சொல்லமாட்டார்கள்.

கடல் காத்து | சனி, காலை 6.50

முந்தாநாள் நான் எழுதியது பயத்தில் எழுதியது. எனக்கும் இரண்டு பெண்கள். காசிமேட்டு அம்மா எழுதியதைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. அந்தப் பதிவை நீக்க வேண்டாம், இருக்கட்டும்.

டியூஷன் டீச்சர் | ஆறு வாரம் கழித்து

இழையை மூட வேண்டாம் என்று கேட்டிருந்தேன், நன்றி. 28 மாத்திரையும் முடிந்தது. எட்டாம் நாள் வாந்தி எடுத்து 'இனிமே போடமாட்டேன்' என்று அடம் பிடித்தாள். நைட் டூட்டி அக்காதான் போனில் பேசினார். அவளுக்கு மட்டும் தெரியும் என்ன பேசினார் என்று. மழை பெய்து கணேசபுரம் சப்வேயில் தண்ணீர் நின்ற அன்றும் மூணு சக்கரம் அண்ணன் சுற்றிப் போய்க் கூட்டிவந்தார். முதல் ரத்தப் பரிசோதனை நன்றாக வந்திருக்கிறது. மாதவிடாயும் வந்துவிட்டது.

தெருவில் தெரிந்துவிட்டது. முழுக்க இல்லை, பாதி. இரண்டு வீட்டில் பிள்ளைகளை என் டியூஷனிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அம்மா இன்னும் ஊருக்குப் போவதைப் பற்றிப் பேசுகிறார், ஆனால் பெட்டி கட்டவில்லை. கோர்ட் எப்போது என்று தெரியவில்லை. கவுன்சிலிங் வாரம் ஒரு தடவை போகிறாள், சில வாரம் மாட்டேன் என்கிறாள். நேற்று முழுப் பரீட்சைக்கு மாடல் பேப்பர் கேட்டாள்.

ஒரு சின்ன சந்தேகம். இந்தப் பரிசோதனைக்கு அவள் பள்ளிக்கு அரை நாள் லீவு போட வேண்டியிருந்தது. இனி மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் போட வேண்டும். லீவு லெட்டரில் என்ன எழுதுவது? ஏற்கெனவே இரண்டு தடவை காய்ச்சல் என்று எழுதியாயிற்று.

நைட் டூட்டி | அன்றே, இரவு 10.15

பல் டாக்டர் என்று எழுதுங்கள். பல்லுக்குத்தான் திரும்பத் திரும்ப வரச் சொல்வார்கள், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.